பூக்காத வேலி, பூத்த வேலி: ஒரு குடியிருப்பில் கோனோகார்பஸ் மீது எழுந்த அலர்ஜிப் புகார்

பின்னணி

சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2023 அக்டோபரில் தொடங்கி 2025 கோடை வரை நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், வேலிச்செடி பற்றிய பிரச்சினை என்றதும் குடியிருப்போர் சங்கத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். மருத்துவம் என் துறை அல்ல. மருத்துவர் சொன்னவற்றைச் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்துடன் அப்படியே தருகிறேன்.

குடியிருப்பில் நான்கு பிளாக்குகள். கட்டி முடித்த கையோடு பில்டர் காம்பவுண்ட் சுவரின் மூன்று பக்கமும் கோனோகார்பஸ் நட்டுவிட்டுப் போயிருந்தார். ஏன் அதை நட்டார் என்று கேட்கவே வேண்டாம். வெயில் தாங்கும், உப்புத் தண்ணீர் தாங்கும், வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும், நட்ட இரண்டு மூன்று வருஷத்தில் சுவரை மறைத்துவிடும். நர்சரிகளில் கோனோகார்பஸ் என்ற ஒரே பெயரில் விற்கும் இந்தச் செடியில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று வெப்பமண்டல அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கடலோரச் சதுப்புகளில் வளர்வது. மற்றொன்று சோமாலியா, ஜிபூட்டி, ஏமன் பக்கத்தது. இரண்டுமே நம் மருதமும் கடுக்காயும் சேர்ந்த அதே குடும்பம். வளைகுடா நாடுகளிலும் கராச்சியிலும் பெருமளவில் நடப்பட்டு, வேர் குழாய்க்குள் போகிறது, பூ இளைப்பைக் கொண்டுவருகிறது என்ற புகார்களை அங்கெல்லாம் சம்பாதித்த செடி இது.

2023 செப்டம்பரில் குஜராத் வனத்துறை கோனோகார்பஸ் நடத் தடை விதித்தது. குளிர்காலத்தில் பூத்து மகரந்தம் பரவுவதால் சளி, இருமல், ஆஸ்துமா, அலர்ஜி வருகிறது என்பதும், வேர்கள் நிலத்தடி கேபிளையும் வடிகாலையும் கெடுக்கின்றன என்பதும் அந்தச் சுற்றறிக்கை சொன்ன காரணங்கள். அக்டோபரில் அந்தச் செய்தி குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது, கூடவே "விஷ மரம்" என்று பதறும் ஒரு குரல் பதிவும்.

முன்பக்க பிளாக்கில் முதல் மாடியில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஆறு வயதிலிருந்தே அவனுக்கு இளைப்பு. குளிர் தொடங்கினால் இரவில் இருமல், விடியற்காலையில் தும்மல், மாதத்தில் சில நாள் பள்ளிக்கு லீவு. அவன் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே கோனோகார்பஸ் வேலி. செய்தியைப் படித்த அன்றே அவன் அம்மா சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தார். வேலியை முழுவதும் வெட்ட வேண்டும் என்பது கோரிக்கை.

அடுத்த இரண்டு மாதங்களில் பையனை இரண்டு முறை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய் நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. முதல்முறை தீபாவளிக்கு மறுநாள். இரண்டாவது, டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த வாரம். அந்த இரண்டாவது முறைக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் பேச்சு சூடேறிவிட்டது. ரம்பத்தோடு ஆள் கூப்பிடுவதாகச் சிலர் சொன்னார்கள். நிழலும் மறைப்பும் போய்விடும், தெருப்புழுதி நேரே வீட்டுக்குள் வரும் என்று சிலர் எதிர்த்தார்கள்.

ஜனவரிக் கூட்டமும் தள்ளிவைத்த முடிவும்

2024 ஜனவரி முதல் வாரத்தில் சங்கக் கூட்டம். அங்கே நான் சொன்னதன் சாரம் இதுதான். ஒரு செடியால் மகரந்த அலர்ஜி வருகிறது என்று சொல்ல வேண்டுமானால், செடி பூக்க வேண்டும், மகரந்தம் காற்றில் ஏற வேண்டும், அது அந்த ஆளின் மூக்குக்குப் போக வேண்டும், அந்த ஆளின் உடம்பு அந்த மகரந்தத்துக்கு எதிராகக் குறிப்பிட்ட எதிர்ப்புப் பொருளை உண்டாக்கியிருக்க வேண்டும், பூக்கும் காலமும் நோய் வரும் காலமும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் குற்றச்சாட்டு நிற்காது. இலையும் கிளையும் மட்டும் இருக்கும் வேலிச்செடியிலிருந்து மகரந்தம் வராது.

வேலிச்செடி மீது சந்தேகம் எழுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வேலிக்கு நடும் லிகஸ்ட்ரம் என்ற செடியும் காலங்காலமாக இதே புகாரைச் சுமக்கிறது. அது மல்லிகையும் ஆலிவும் அடங்கிய குடும்பம். அதன் மகரந்தத்திலுள்ள முக்கியமான ஒவ்வாமைப் புரதம் ஆலிவ் மகரந்தத்திலுள்ளதோடு மிகவும் ஒத்தது. ஆகவே ஆலிவ் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அதன் மகரந்தம் கனமானது, பெரும்பாலும் பூச்சிகள் சுமப்பது, செடியை விட்டு வெகுதூரம் போகாது. பூவின் காட்டமான வாசனையே பலருக்கு மூக்கை எரியவைத்துவிடும். வாசனையால் வரும் எரிச்சலும் மகரந்தத்தால் வரும் ஒவ்வாமையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வைத்தியம் இரண்டுக்கும் வேறு.

மூன்று மாதம் பொறுத்து முடிவெடுக்கலாம் என்று கூட்டம் ஒப்புக்கொண்டது. மனக்கசப்பு இல்லாமல் இல்லை. பையனின் அம்மா எழுந்து, "மூணு மாசம் அவன் மூச்சுத் திணறட்டுமா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் முழு நியாயம் இருந்தது. அதனால்தான் அந்த வாரமே பையனை அலர்ஜி சிறப்பு மருத்துவரிடம் காட்டுவது என்ற முடிவும் சேர்ந்தே எடுக்கப்பட்டது. வேலியை முதலில் வெட்டுவதில் எனக்கு இருந்த பெரிய பயம் ஒன்றுதான். வெட்டியதும் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிடும், பையனுக்கு என்ன பிரச்சினை என்று யாரும் அதற்கு மேல் தேடமாட்டார்கள். இளைப்பு உள்ள பிள்ளையின் விஷயத்தில் அந்தப் பொய் நிம்மதி ஆபத்தானது.

வேலியைச் சுற்றிப் பார்த்ததில்

முன்பக்கமும் பக்கவாட்டிலும் வேலி மார்பளவுக்குச் சதுரமாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. தோட்டக்காரர், "இது பூவ நான் பாத்ததே இல்ல சார். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கத்தரி போட்டுருவேன்" என்றார். உண்மைதான். கிளை நுனிகளில் மொட்டுக்கான அடையாளமே இல்லை. இந்தச் செடி புதுத்தளிரின் நுனியிலும் அதை ஒட்டிய கணுக்களிலும்தான் பூங்கொத்து விடும். நுனி வளர வளர வெட்டிக்கொண்டிருந்தால் பூவுக்கு இடமே இல்லை.

பின்பக்கம் கதை வேறு. கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் பின்னால், யாரும் போகாத இடம் என்பதால் அங்கே கத்தரி போய்ச் சேரவே இல்லை. வேலியாக நட்டது மரமாகி இரண்டாம் மாடி உயரத்துக்கு நின்றது. ஒரு கிளையை வளைத்துப் பார்த்தேன். பச்சை கலந்த வெளிர்நிறத்தில், மிளகைவிடச் சற்றே பெரிய உருண்டைத் தலைகள் கொத்துக் கொத்தாக. ஒவ்வொரு உருண்டையிலும் நெருக்கிப் பிடித்த குட்டிக் குட்டிப் பூக்கள், வெளியே நீட்டிய மகரந்தத் தாள்கள். கறுப்புத் துணியில் தட்டினால் மஞ்சள் பொடி ஒட்டியது. முற்றிய தலைகள் பழுப்பேறிச் சின்னச் சின்னக் கூம்புகளாகத் தரையில் உதிர்ந்து கிடந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் வருஷக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத காலி மனை. அதில் வேலிகாத்தான் புதர், சீமைக்கருவேலம் என்கிறோமே அதுதான். அடியில் இடுப்பளவு பார்த்தீனியம். மகரந்த ஒவ்வாமை பற்றி இந்தியாவில் எங்கே பேசினாலும் முதலில் வரும் பெயர்களில் இந்த இரண்டும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் தூய்மைப் பணி செய்யும் பெண்மணி பேச்சுக் கொடுத்தார். ஐந்து வருஷமாக அங்கே கூட்டுகிறார். "இந்த மூலைய கூட்டுறப்ப மட்டும் கண்ணு அரிச்சு தண்ணியா ஊத்தும் சார். தும்மல் நிக்காது. ஞாயித்துக்கெழம வீட்ல இருந்தா ஒண்ணும் இல்ல." ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலியே" என்றார். பூத்திருக்கும் வேலிக்கு அடியில் தினமும் ஒரு மணி நேரம் நிற்பவர் அவர் ஒருவர்தான். கடிதம், கூட்டம், குரல் பதிவு எதிலும் அவர் இல்லை. இந்த நிகழ்வில் என்னை மிகவும் பாதித்தது இதுதான், அன்று மாலையே செயலாளரிடம் இதைச் சொன்னேன்.

கண்ணாடிச் சில்லில் விழுந்தவை

கல்லூரியில் இன்னும் நுண்ணோக்கி பார்க்க அனுமதி இருந்தது. வாஸலின் களிம்பு தடவிய நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளைப் பையன் வீட்டு பால்கனியிலும், பின்பக்க மரங்களுக்கு அடியிலும், இடையே நடைபாதையிலும் ஒரு நாள் முழுக்க வைத்து எடுத்தோம். பின்பக்கப் பூவிலிருந்தே மகரந்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தனிச்சில்லு ஒன்றும் தயார் செய்தேன். இது பழைய, எளிய முறை. காற்றில் ஒரு கன மீட்டருக்கு எத்தனை என்ற கணக்கை இது தராது, கனமான துகள்களையே அதிகம் பிடிக்கும். எந்த இடத்தில் எது விழுகிறது என்று ஒப்பிட இது போதும்.

ஜனவரிச் சில்லுகளில், மரத்தடியில் கோனோகார்பஸ் மகரந்தம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. நடைபாதைக்கு வந்ததும் வெகுவாகக் குறைந்தது. பையன் வீட்டு பால்கனிச் சில்லில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். அங்கே கண்ணை நிறைத்தவை பூஞ்சை வித்துகளும் புழுதியும். ஒற்றைத் துளையோடு உருண்டையான புல் மகரந்தம் கொஞ்சம், பூந்திக்கரண்டி போல உடம்பெல்லாம் துளையுள்ள கீரை வகை மகரந்தம் கொஞ்சம். மார்ச்சில் மறுபடி வைத்தபோது படம் மாறிவிட்டது. வேலிகாத்தான் மஞ்சள் கதிர் விட்டிருந்த நேரம் அது, அதன் மகரந்தம் முன்பக்க பால்கனி வரைக்கும் வந்திருந்தது.

அம்மாவின் நோட்டு

மருத்துவர் முதல் சந்திப்பிலேயே பையனின் அம்மாவிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எப்போது இருமல், எந்த அறையில், மழையா வெயிலா, வீடு பெருக்கினார்களா, எந்த மருந்து என்று. அந்த நோட்டை நான் படித்துப் பார்த்தேன். ஒரு சின்னக் குறிப்பைக்கூட விடாமல் நேர்த்தியாக எழுதியிருந்தார். இரண்டு விஷயங்கள் அதில் பளிச்சென்று தெரிந்தன.

ஒன்று, இருமல் பெரும்பாலும் படுத்த பிறகும் எழுந்தவுடனும்தான். மாலையில் வேலி ஓரமாகவே கிரிக்கெட் ஆடும் நேரத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, பொங்கலுக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குத் தெற்கே போனார்கள். கோனோகார்பஸ் கண்ணில் படாத ஊர். போன முதல் ராத்திரியே நல்ல இளைப்பு. பேரன் வருகிறானே என்று பாட்டி பரணிலிருந்து இறக்கிப் போட்டிருந்தது பழைய இலவம்பஞ்சு மெத்தை. மறுநாள் பாயில் படுக்க வைத்திருக்கிறார்கள், இருமல் அடங்கியிருக்கிறது. இந்த ஒரு குறிப்பைப் பார்த்ததும் மருத்துவர் வேலி பற்றிய கேள்விகளை நிறுத்திவிட்டுப் படுக்கையறை பற்றிக் கேட்கத் தொடங்கினாராம்.

அவசரப் பிரிவுக்குப் போன இரண்டு நாட்களையும் திரும்பிப் பார்த்தார்கள். தீபாவளி மறுநாளுக்கு வெடிப்புகை இருக்கிறது. மிக்ஜாம் வாரத்தில் வீட்டுக்குள் சுவரெல்லாம் ஈரம், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை, காயாத போர்வை. கரண்ட் இல்லாமல் ஜன்னலை அடைத்துக்கொண்டு நான்கு பேர் ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு சமயத்திலும் முன்பக்க வேலியில் ஒரு பூ கிடையாது.

தோல் பரிசோதனை

பிப்ரவரியில் தோல் குத்துப் பரிசோதனை நடந்தது. அலர்ஜி மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். முன்கையில் ஒவ்வாமைச் சாறுகளைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஊசிமுனையால் மேல்தோலை லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள். தடிப்பை உண்டாக்கும் பொருளான ஹிஸ்டமின் வைத்த இடம் தடிக்க வேண்டும், உப்பு நீர் வைத்த இடம் தடிக்கக் கூடாது. உப்பு நீர் இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது அதிகம் தடித்தால்தான் பாசிட்டிவ்.

பையனுக்கு வீட்டுத்தூசிச் சிற்றுண்ணிக்குத் தடிப்பு 8 மில்லிமீட்டர். வேலிகாத்தான் மகரந்தத்துக்கு 4. கரப்பானுக்கு விளிம்பில், 3. புல்லுக்கும் பார்த்தீனியத்துக்கும் இல்லை. கோனோகார்பஸ் சாறு அந்த மருத்துவமனையின் பட்டியலில் கிடையாது. பூவைக் கொண்டுவந்து தரட்டுமா என்று அப்பா கேட்டிருக்கிறார். அளவும் தூய்மையும் உறுதி செய்யாத பொடியைக் குழந்தையின் தோலில் குத்தமாட்டேன் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். சரியான மறுப்பு.

மருத்துவர் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியிருக்கிறார். பரிசோதனை பாசிட்டிவ் என்றால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்றுதான் பொருள். நோய்க்குக் காரணம் அதுவா என்பதை நோட்டும் காலமும் சேர்ந்துதான் சொல்லும். சிற்றுண்ணி விஷயத்தில் மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டின. படுக்கையில் இருமல், ஈரமான மாதங்களில் அதிகம், தடிப்பும் பெரிது. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் இந்தப் பூச்சிக்கு வருஷம் முழுக்கக் கொண்டாட்டம்தான். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று மெத்தை, தலையணைக்குள் வாழும். அதன் கழிவுத்துகள்தான் மூச்சில் போகிறது.

தூய்மைப் பணியாளரையும் சங்கச் செலவில் அதே மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவருக்குப் பார்த்தீனியத்துக்கும் வேலிகாத்தானுக்கும் பாசிட்டிவ். வேலை நாளில் மட்டும் வருகிறது, அந்த மூலையில் மட்டும் வருகிறது என்பதால் இது வேலையிடத்தோடு சேர்ந்த ஒவ்வாமை மூக்கழற்சி என்று எழுதிக் கொடுத்தார். பூவும் சருகும் புழுதியும் ஒன்றாகக் கிளம்பும் இடத்தில் கோனோகார்பஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது, ஆனால் அந்த இடத்தில் மகரந்தம் பறக்காமல் செய்ய அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதும் இல்லை என்பது அவர் கருத்து.

எடுத்த முடிவுகள்

மார்ச் கூட்டத்தில் முடிவுகள் சுலபமாக வந்தன. அதற்குள் எல்லாருக்கும் விஷயம் தெளிந்திருந்தது.

பையனுக்கு முதலில் மருந்து. தினசரி போட வேண்டிய தடுப்பு இன்ஹேலரை, அவன் நன்றாக இருக்கும் மாதங்களில் வீட்டில் நிறுத்திவிடுவது வழக்கம். பிள்ளைக்கு எதற்கு ஸ்டீராய்டு என்ற தயக்கம்தான், பல வீடுகளில் உள்ளது. ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) வைத்து, குறைந்த அளவில், விடாமல் போடுவது ஏன் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகு நிறுத்தவில்லை. அப்புறம் படுக்கையறை. பழைய பஞ்சு மெத்தையும் தலையணையும் வெளியே போயின. புது மெத்தைக்கு நெருக்கமான நெசவுள்ள ஜிப் உறை. வாரம் ஒருமுறை விரிப்பையும் உறையையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவது. பொம்மைகள் வேறு அறைக்கு. பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது, அதுவும் அவன் பள்ளியில் இருக்கும்போது.

முன்பக்க வேலியை வெட்ட வேண்டாம் என்று முடிவானது. மொட்டு விடுமுன் கத்தரிக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கத்தரிக்க வேண்டும், வெட்டியதை அன்றே அள்ள வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. இதைப் பையனின் அம்மாவே வழிமொழிந்தார்.

பின்பக்க மரங்களை எடுத்துவிடுவது என்பதில் இரண்டு பேச்சு இல்லை. அவை பூக்கின்றன, அவற்றுக்கடியில் ஒருவர் தினமும் வேலை செய்கிறார். இதுவே போதும். கூடுதலாக, வேர்கள் கழிவுநீர்க் குழாயின் இணைப்பைப் பிளந்து உள்ளே நுழைந்திருந்ததைப் பிளம்பர் தோண்டிக் காட்டினார். உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்கி மார்ச் கடைசியில் வெட்டி, அடிவேரோடு எடுத்தார்கள். வெட்டும் நாட்களில் அந்தப் பெண்மணிக்கு முன்பக்க வேலை. அதன்பின் எங்கே கூட்டினாலும் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுவது, நல்ல முகக்கவசம் சங்கமே வாங்கிக் கொடுப்பது என்று வைத்தார்கள்.

காலி மனைக்காரரைத் தேடிப் பிடிக்கத்தான் நாளாயிற்று. ஏப்ரலில் அவர் சம்மதத்தோடு ஜேசிபி வைத்து வேலிகாத்தானைத் தோண்டி எடுத்தார்கள். பார்த்தீனியத்தை அது பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. தோலிலும் அது அரிப்பைக் கொண்டுவரும்.

காலி இடத்தில் எதை நடுவது

இதில் ஒரு வாரம் நல்ல விவாதம் நடந்தது. நாட்டுச்செடி என்றால் பிரச்சினையே இல்லை என்று பலர் நினைத்தார்கள். விராலி நம் மண்ணின் செடிதான், அருமையான வேலி. ஆனால் அது காற்று மூலம் மகரந்தச் சேர்க்கை செய்வது. மகரந்தத்தைக் காற்றில் கொட்டும், ஒவ்வாமைப் பட்டியல்களிலும் அதற்கு இடமுண்டு. சவுக்கும் அப்படித்தான். நாட்டுச்செடியா அயல்செடியா என்பது மண்ணுக்கும் பறவைக்கும் முக்கியமான கேள்வி. மூக்குக்கு முக்கியமான கேள்வி காற்றா பூச்சியா என்பது. கண்ணைக் கவரும் பூ, தேன், வண்ணத்துப்பூச்சி வருகை இருந்தால் மகரந்தம் பெரும்பாலும் கனமாக, பிசுபிசுப்பாக, பூவோடே நிற்கும்.

கடைசியில் ஆடாதோடையும் நொச்சியும் கலந்து நட்டார்கள், நடுநடுவே செம்பருத்தியும் நந்தியாவட்டையும். ஆடாதோடையை ஆடு தொடாது, வெட்ட வெட்டத் தழைக்கும். மருதாணி வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அதன் பூவாசனை பலமானது, இளைப்பு உள்ளவர்கள் வசிக்கும் ஜன்னலுக்கடியில் வேண்டாம், ஓரமாக இரண்டு செடி போதும் என்று சமாதானமானார்கள்.

பிறகு நடந்தவை

பையனுக்கு ஏப்ரல் முதலே இரவு இருமல் குறைந்தது. உண்மையான சோதனை அடுத்த மழைக்காலம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை, அதே ஈரம், அதே அடைத்த ஜன்னல். இந்த முறை இருமல் இரண்டு மூன்று இரவு வந்தது, நிவாரண இன்ஹேலரோடு அடங்கியது. அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவசரப் பிரிவுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. அவன் ஜன்னலுக்கு எதிரே கோனோகார்பஸ் வேலி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. 2025 மார்ச்சில் தும்மலும் கண் அரிப்பும் வந்தன. சுற்றுப்புறத்தில் வேலிகாத்தான் இன்னும் எத்தனையோ மனைகளில் பூக்கிறது, ஒரு மனையைச் சுத்தம் செய்து அதை நிறுத்த முடியாது. அந்த மாதங்களுக்கு மருத்துவர் மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்றைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

தூய்மைப் பணியாளருக்குக் கண் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. மரம் எடுத்ததாலா, காலி மனையைச் சுத்தம் செய்ததாலா, தண்ணீர் தெளித்ததாலா, கவசத்தாலா என்று பிரிக்க வழியில்லை, எல்லாம் சில வாரங்களுக்குள் நடந்தவை. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எனக்கும்தான்.

2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசும் கோனோகார்பஸ் நடுவதற்குத் தடை விதித்து, இருப்பவற்றை நீக்கி நாட்டு மரங்களை வைக்கச் சொன்னது. அதையொட்டி முன்பக்க வேலியையும் பகுதி பகுதியாக மாற்றச் சங்கம் முடிவு செய்தது. குழாய்க்கு அருகில் இருந்த பகுதி முதலில் போயிற்று. இந்தச் செடி நம் ஊருக்குத் தேவையில்லை என்பதே என் கருத்தும். தண்ணீரைத் தேடி வேர் போகும் வேகம் ஒன்றே அதற்குப் போதுமான காரணம். பையனின் இளைப்பை மட்டும் அதன் கணக்கில் எழுத வேண்டாம் என்று சங்கத்தின் குறிப்பேட்டில் தனியாகப் பதிவு செய்யச் சொன்னேன், செய்தார்கள்.

இனி மாற வேண்டியவை

இதே போன்ற புகார் வேறு குடியிருப்பில் எழுந்தால், முதல் வேலையாக வேலியை நடந்து சுற்றிப் பார்த்து, எங்கே பூக்கிறது, எங்கே பூக்கவில்லை என்று குறித்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு காலை போதும் இதற்கு. எங்கள் விஷயத்தில் புகார் வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அது நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

கடிதம் எழுதுபவர்களிடம் மட்டும் விசாரித்து நிறுத்தக் கூடாது. தோட்டக்காரர், தூய்மைப் பணியாளர்கள், இரவுக் காவலர்கள்தான் செடிக்கு மிக அருகில் அதிக நேரம் இருப்பவர்கள். ஒரு செடியின் மகரந்தம் ஆளைப் படுத்துகிறது என்றால் முதலில் தெரிவது அவர்களிடம்தான். சங்கத்தின் மாதாந்திரப் படிவத்தில் இப்போது அவர்களுக்கென்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள்.

மரத்தை எடுப்பதும் மனையைச் சுத்தம் செய்வதும் ஒரு பூக்கும் பருவ இடைவெளியில் நடந்திருந்தால் எதனால் பலன் கிடைத்தது என்று ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் தினமும் கண் எரியும் ஒருவரை அதற்காகக் காக்கவைப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். சில்லுகளைப் புகார் எழுந்த அக்டோபரிலேயே வைத்திருக்கலாம். நோட்டையும் அன்றே தொடங்கியிருக்கலாம்.

முன்பக்க வேலியில் மீதமுள்ள பகுதியை 2026 தை, மாசியில் எடுப்பதாகத் திட்டமிட்டார்கள். அதுவரை பதினைந்து நாளுக்கொரு முறை கத்தரிப்பதைத் தொடர்வது என்றும் முடிவானது. தோட்டக்காரர் தேதியையும் மொட்டு இருந்ததா இல்லையா என்பதையும் எழுதி வைத்து வந்தார்.